டெபியன் பேக்கேஜில் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன்: நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் மூன்று சர்வர்கள்: எழுதுவதெல்லாம் போகும் ஒரு பிரைமரி, அதன் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுக்கும் (ரெப்ளிகேஷன்) இரண்டு ஸ்டாண்ட்பை. மூன்றிலும் டெபியன் 11 லினக்ஸ், அதோடு வரும் போஸ்ட்கிரெஸ் 13 பேக்கேஜ்தான், எதையும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யவில்லை. நான்கு ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொள்வது என் வேலை, இன்று முதலிலிருந்து தொடங்கச் சொன்னாலும் பேக்கேஜில்தான் போடுவேன்.

ஆனால் டெபியன் இதை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் முதல் நாளே மாட்டிக்கொள்வோம். கான்ஃபிக் ஒரு டைரக்டரியில், டேட்டா வேறொன்றில். அதனால் ஸ்டாண்ட்பையை உருவாக்க பிரைமரியை நகலெடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் கட்டளையை ஓட்டினால் டேட்டா வரும், கான்ஃபிக் வராது. பிரைமரியில், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்ற வரம்பான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 300 ஆக்கியிருந்தோம், ஸ்டாண்ட்பையில் அது பழைய 100-லேயே கிடந்தது; பிரைமரியைவிடக் குறைவாக இருந்தால் ஸ்டாண்ட்பை ஸ்டார்ட் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் முழுக்கப் போனது.

அப்புறம் ஸ்டேட்டஸ். சர்வீஸ்களின் நிலையைச் சொல்லும் சிஸ்டம்சிடிஎல்லில் வெறும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று கேட்டால் 'ஆக்டிவ், எக்ஸிட்டட்' என்று பச்சையில் காட்டும், கிளஸ்டர், அதாவது டேட்டாபேஸ் சர்வரே, செத்துக் கிடந்தாலும் அப்படித்தான் காட்டும். உண்மையான சர்வீஸின் பெயரில் '13-மெயின்' என்று பதிப்பும் கிளஸ்டர் பெயரும் சேர்ந்திருக்கும். நான் கிளஸ்டர்களைப் பட்டியலிடும் பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையைப் போட்டுப் பார்ப்பேன், ஸ்டாண்ட்பைக்கு 'ஆன்லைன், ரெக்கவரி' என்று வரும். அதுவும் ப்ராசஸ் ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. டேட்டா போய்ச் சேருகிறதா என்பதை பிரைமரியில் பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன் வியூவில் பார்க்க வேண்டும், ஸ்டாண்ட்பை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று சொல்லும் ரீப்ளே லேக் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு நிஜமாகவே பயம் தந்தது ஸ்லாட், அதாவது ஒரு ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியிருக்கிறது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஸ்டாண்ட்பை ஒன்றை நிறுத்திவிட்டு, திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டோம். ஆனால் அதன் ஸ்லாட் பிரைமரியில் அப்படியே இருந்தது, அந்த ஸ்டாண்ட்பை திரும்பி வரும்வரை ஒரு வால் ஃபைலையும் (மாற்றங்களைப் பதிவு செய்யும் லாக்) அழிக்க விடவில்லை. ஞாயிறு இரவு டிஸ்க் நிரம்பி பிரைமரியே நின்றுவிட்டது. ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வைத்திருக்கலாம் என்று வரம்பிடும் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற அமைப்பு 13-ஆம் பதிப்பில்தான் வந்தது, அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. இப்போது 40 ஜிபி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் ஸ்டாண்ட்பை பின்தங்கிப் போய்விடும், போகட்டும், அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். பிரைமரி விழக்கூடாது.

அப்டேட் விஷயம் இன்னொன்று. தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் புதிய பேக்கேஜை இறக்கியதும் அந்தப் பதிப்பின் கிளஸ்டர் ரீஸ்டார்ட் ஆகும், அதுவும் விடியற்காலையில், யாரையும் கேட்காமல். ஆகவே போஸ்ட்கிரெஸ் பேக்கேஜை ஏபிடி மார்க் ஹோல்டில், அதாவது தானாக மாறாதபடி பூட்டி, வைத்திருக்கிறேன். சிறு வெளியீடுகள் வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும். அப்போது ஹோல்டை எடுத்து, முதலில் ஒரு ஸ்டாண்ட்பை, லேக் இறங்கியதும் அடுத்தது, கடைசியாக பிரைமரி, அதன் பிறகு மூன்றிலும் மறுபடி ஹோல்ட்.