சம்பளத்தோடு காலேஜ்: அமெரிக்கக் கடற்படையின் ஸ்டா-21 தேறுமா?

அமெரிக்கக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தவர்கள் காலேஜ் படித்து அதிகாரியாவதற்கு இருக்கும் வழிகளில் எனக்கு அதிகம் பிடித்தது ஸ்டா-21, அதாவது சீமேன் டு அட்மிரல்-21. பெயரில் கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கிறது, முடித்ததும் கிடைப்பது அதிகாரிகளில் முதல் படியான என்சைன் பதவிதான். ஆனாலும் சும்மா வைத்த பெயரில்லை. 1994-ல் இதன் பழைய வடிவத்தைத் தொடங்கிய அட்மிரல் மைக் பூர்டா, 1956-ல் மாலுமியாகச் சேர்ந்து கடற்படைத் தளபதி வரை போனவர்.

தேர்வாகிவிட்டால் நியூபோர்ட்டில் சுமார் 8 வாரப் பயிற்சி, அப்புறம் என்ஆர்ஓடிசி (மாணவர்களைக் கடற்படை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் திட்டம்) பிரிவு உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவர். பணியில் இருப்பதாகவே கணக்கு என்பதால் சம்பளம், வீட்டு வாடகைப் படி, மருத்துவ வசதி எதுவும் நிற்காது. மனைவி, பிள்ளைகள் இருப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். அனாபலிஸில் உள்ள கடற்படை அகாடமியில் கல்விக் கட்டணமே இல்லை, சரி, ஆனால் கல்யாணம் ஆனவருக்கு அங்கே இடம் கிடையாது.

இடிப்பது கட்டணத்தில். கடற்படை ஆண்டுக்கு 10,000 டாலர் வரைதான் தரும், புத்தகச் செலவும் அதற்குள்ளேயே, மேலே ஆவது நம் கையிலிருந்து. பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல இடங்களில் அந்தப் பணம் ஒரு செமஸ்டருக்கே காணாது. பணியில் உள்ளவரிடம் அவர் பணியாற்றும் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் உள்ளூர் மாணவர் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கும்போது வேறு எங்கே போவது?

இன்னொன்று, 36 மாதத்துக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும், நான்கு வருடப் படிப்பை மூன்றில் அடக்குவது என்றால் கோடை விடுமுறையும் வகுப்பிலேயே போய்விடும். கையில் ஒரு கிரெடிட்டும் (முன்பே முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி) இல்லாமல் இன்ஜினியரிங் எடுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. கப்பலில் இருக்கும்போதே கடற்படையின் கல்வி உதவியான டியூஷன் அசிஸ்டன்ஸ் பணத்தில் கால்குலஸ், ஆங்கிலம் இரண்டையும் முடித்து வைத்திருந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். விண்ணப்பத்துக்குக் காலேஜ் நுழைவுத் தேர்வான எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண், நேர்காணல் குழுவின் மதிப்பீடு, கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரை எல்லாம் தேவை, கடலில் இருந்துகொண்டு இதையெல்லாம் சேர்ப்பது லேசில்லை.

முடித்தபின் குறைந்தது 5 வருடம் பணியாற்ற வேண்டும். அது நியாயம்தான், அதிலும் மாலுமியாக 4 வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு ஓ-1ஈ என்று தனிச் சம்பள விகிதம், நேராக என்சைனாக வருபவரைவிடக் கூடுதல். மரைன் படையினர் படித்து அதிகாரியாவதற்கான மெசெப் திட்டத்தில் சம்பளம் மட்டும்தான், கட்டணத்துக்கு நாமே வழி தேட வேண்டும், அதோடு ஒப்பிட்டால் இது தாராளம்.

என் மதிப்பெண் 5-க்கு 4, குறைத்த ஒன்று அந்த 10,000 டாலர் வரம்புக்காக. ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம், நேராக ஓசிஎஸ் என்ற அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம்.