டிவி விளம்பரம்: ஒரு ஸ்பாட்டின் விலையை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

சிறு தொழில் நடத்துபவர்கள் யாராவது டிவியில் விளம்பரம் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஏஜென்சி முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் எங்கள் கணக்கிலிருந்து போன தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

கொட்டேஷனில் ஒரே ஒரு எண்தான் பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு ஸ்பாட்டுக்கு, அதாவது விளம்பரம் ஒரு முறை ஓடுவதற்கு, இவ்வளவு என்று. அது 10 விநாடிக்கான ரேட் என்பது அடியில் பொடி எழுத்தில். எங்கள் விளம்பரப் படம் 30 விநாடி, ஆகவே மூன்று மடங்கு. 10 விநாடிக்கு ரேட் போடுவது பல இடங்களில் இந்தத் தொழிலின் வழக்கம்தான், அதைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் படத்தின் நீளம் தெரிந்துகொண்டே, பேச்சு முழுக்க அந்தச் சின்ன எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அதன் மேல் கமிஷன். சேனலின் ரேட் கார்டு (விலைப்பட்டியல்) விலைக்குள்ளேயே ஏஜென்சியின் 15% அடங்கியிருப்பது பழைய மரபு. எங்கள் பில்லில் அந்த முழு விலையும் இருந்தது, கீழே ‘ஏஜென்சி கட்டணம் 17.65%’ என்று தனி வரியும் இருந்தது. இதென்ன விசித்திரமான எண் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100-இல் 15 போனால் 85. அந்த 85-ஐ மறுபடி 100 ஆக்க, அதன் மேல் 17.65% சேர்க்க வேண்டும். அதாவது கமிஷன் கழித்த விலையின் மேல் போட வேண்டிய சதவீதத்தைக் கழிக்காத விலையின் மேல் போட்டுவிட்டார்கள். ஒரே வேலைக்கு இரண்டு கூலி!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான அடி ஒளிபரப்பு நேரத்தில்தான் விழுந்தது. “பிரைம் டைமும் இருக்கு சார், போனஸ் ஸ்பாட்டும் தர்றோம்” என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்ததோ ‘ஆர்ஓஎஸ்’ என்ற மூன்றெழுத்து. நாளின் எந்த நேரத்திலும் சேனல் தன் வசதிப்படி விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். அப்படி வாங்கினால் விலை மலிவு. எங்களிடம் வாங்கியது அந்த மலிவு விலை அல்ல.

விளம்பரம் எப்போதெல்லாம் ஓடியது என்பதற்கான சான்றான டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டதற்கு ஏஜென்சியே தயாரித்த ஒரு எக்ஸெல் தாள் வந்தது. தேதி இருந்தது, எண்ணிக்கை இருந்தது, மணி நிமிடம் இல்லை. சேனலிடமே கேட்டு வாங்கிய பட்டியலைப் பார்த்தபோது பெரும்பாலான ஸ்பாட்டுகள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிடந்தன. போனஸ் முழுவதும் அங்கேதான். சில இரவுகளில் ஒரே இடைவேளைக்குள் எங்கள் படம் இரண்டு முறை ஓடியிருக்கிறது. விழித்திருந்த நாலு பேரும் எங்களைத் திட்டியிருப்பார்கள். சில ஸ்பாட்டுகள் ஒளிபரப்பாகவே இல்லை, பில்லில் மட்டும் இருந்தன.

சண்டை போட்டதும் ‘ஜிஆர்பி’ கணக்கைத் தூக்கிக் காட்டினார்கள். பார்ப்பவர்களின் சதவீதத்தை விளம்பரம் வந்த தடவைகளால் பெருக்கி வரும் எண் அது. ஒரு நிகழ்ச்சியை 2% பேர் பார்க்கிறார்கள், அதில் விளம்பரம் 10 முறை வருகிறது என்றால் 20 ஜிஆர்பி. அதே ஆட்கள் பத்து முறையும் பார்த்திருந்தாலும் 20தான். எத்தனை வெவ்வேறு பேரைப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ‘ரீச்’ என்ற வேறு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

சில்லறைச் செலவுகள் தனி. சத்தம் அதிகம் என்று சேனல் படத்தைத் திருப்பி அனுப்பியது. ஒளிபரப்புக்கு ஒலி அளவில் கட்டுப்பாடு உண்டு, ஐரோப்பியத் தரத்தில் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). இணையத்துக்குச் செய்வதுபோல் உரக்க மிக்ஸ் செய்தது ஏஜென்சி அமர்த்திய எடிட்டர், திருத்தக் கூலி எங்கள் தலையில். பின்னணி இசைக்கு வாங்கியிருந்த உரிமமும் இணையத்துக்கு மட்டும் செல்லுபடியாவது, டிவிக்கு மறுபடி கட்டினோம்.

நீங்கள் பேசப் போகும்போது உங்கள் படத்தின் முழு நீளத்துக்கு, வரி, கமிஷன் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த மணியிலிருந்து எந்த மணிக்குள் எத்தனை ஸ்பாட் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். ‘பிரைம் டைம் உட்பட’ என்றால் ஒன்றே ஒன்று போட்டாலும் உட்படத்தான். விடுபட்ட ஸ்பாட்டுக்கு அதே நேரப் பகுதியில் மாற்று ஸ்பாட், இல்லையென்றால் பணம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேனல் தரும் பட்டியல், மணி நிமிடத்தோடு, கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஏஜென்சி என்றால் வேறு இடம் பாருங்கள்.

எங்கள் விஷயத்தில், ஓடாத ஸ்பாட்டுகளுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. நள்ளிரவில் ஓடியவற்றுக்கு ஈடாக இன்னும் சில நள்ளிரவு ஸ்பாட்டுகளை ‘இலவசமாக’த் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டோம். இரட்டைக் கமிஷனுக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறோம், “அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டிருக்காங்க” என்பதுதான் இப்போதைய பதில்.