25 ஆயிரம் என்று சொன்னார்கள், கைக்கு வந்தது என்ன என்று பாருங்கள்

திருவொற்றியூர், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஆறு வருஷமாக டாக்குமென்டேஷன் வேலை. கேட் பாஸ் போடுவது, சீல் நம்பர் பார்ப்பது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்று வெந்துபோய் வரும் டிரைவர்களிடம் திட்டு வாங்குவது, எல்லாம் இதில் அடக்கம். கிராஸ், அதாவது பிடித்தம் போகும் முன் மாசச் சம்பளம், 20,500. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 154 போக கைக்கு 18,906 வரும். நைட் நின்றால் ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) தனி, மாசம் எப்படியும் 2,000 ரூபாய் சேரும்.

ஜூன் மாசம் மணலியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கூப்பிட்டார்கள். கிராஸ் 23,500, ஓ.டி. உண்டு. சரி, ஆறு வருஷம் உப்பைத் தின்ற இடமாயிற்றே என்று எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. கேபினுக்குள் கூப்பிட்டு டீ வரவழைத்தார். ஆறு வருஷத்தில் அந்தக் கேபினில் நான் குடித்த முதல் டீ.

"உனக்கு என்னப்பா வேணும்? வெளிப்படையா சொல்லு."

"இருபத்தாறு சார்."

"இருபத்தஞ்சு போட்டுடலாம். கூடவே ஷிஃப்ட் சூப்பர்வைசர். சந்தோஷமா?"

சந்தோஷம்தான். அன்று சாயந்திரமே மணலிக்கு போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எதில் இருபத்தஞ்சு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை சம்பளம் 20,152 விழுந்தது. முந்தின மாசம் ஓ.டி.யோடு அதைவிட அதிகம் வாங்கியிருந்தேன். ஏதோ தவறு என்று அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் ஓடினேன். அவர் சம்பள உயர்வுக்குக் கொடுத்த லெட்டரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டது முதல் பக்கத்தில்.

25,000 என்பது சி.டி.சி.யாம், அதாவது எனக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. அதற்குள் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு 1,500, கிராஜுவிட்டி 601, போனஸ் 583, குரூப் இன்ஷூரன்ஸ் 500. எல்லாம் கழித்தால் கிராஸ் 21,816. அதிலும் என் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகத்தான் கைக்கு 20,152. கிராஜுவிட்டியைப் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டிய எனக்கு வேலையை விடும்போது சட்டப்படி எப்படியும் தர வேண்டிய பணம் அது. போனஸ் வருஷா வருஷம் தீபாவளிக்கு வாங்கிக்கொண்டிருந்ததுதான். முதலாளி பி.எஃப். பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் பிடித்தம் என்று எழுதாமல், என் சம்பளத்தில் ஒரு பகுதி என்று எழுதிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் கிரேடுக்கு ஓ.டி. கிடையாது என்பது கடைசி வரி.

வீட்டில் உட்கார்ந்து பழைய சம்பளத்தையும் இதே மாதிரி கூட்டிப் பார்த்தேன். 20,500, கம்பெனி கட்டிய பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 667, போனஸ் 583, கிராஜுவிட்டி 577. மொத்தம் 23,767. ஆக எனக்காகக் கம்பெனி கூட்டியது 1,233 ரூபாய். என் ஓ.டி. அவர்களுக்கு மிச்சம். டீக்காசு போக லாபம்!

இதையெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இ.எஸ்.ஐ.தான் வயிற்றில் அடித்தது. மாசச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அதில் இருக்க முடியாது. நான் தாண்டியது 816 ரூபாய். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. என்னைச் சார்ந்தவர் என்பதால் அவருக்கும் கார்டு இருந்தது. மாத்திரை டிஸ்பென்சரியில், பெரிய பரிசோதனை என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கே காத்திருப்பு காலைப் பொழுதைத் தின்றுவிடும், ஆனால் கையில் காசு வாங்க மாட்டார்கள். அந்த 500 ரூபாய் இன்ஷூரன்ஸில் இருப்பது நான் மட்டும். அம்மா இல்லை.

ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு தவணை என்பதால் செப்டம்பர் வரை பிடித்தார்கள், அக்டோபரிலிருந்து நின்றது. அதுவரை கட்டியதற்கு வருகிற ஜூன் வரை வைத்தியம் உண்டு. அதற்குப் பிறகு மருந்துக்கடைதான். தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் விலை விசாரித்தேன். கம்பெனி கூட்டிய பணம் அதற்குக்கூடக் காணாது.

கிராஸை 21,000க்குள் வைத்து, மீதியை எப்படியாவது ஓ.டி.யாகத் தாருங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "நீதான் கையெழுத்து போட்டுட்டியேப்பா, கிரேடை எப்படி இறக்கறது?" என்றார். இந்தத் தடவை டீ வரவில்லை. மணலிக்கு மறுபடி போன் போட்டேன். ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

இப்போது எங்கள் யார்டில் இன்னும் மூன்று பேருக்கு லெட்டர் தயாராகிறது, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். கேபினுக்குள் எந்த எண்ணைச் சொன்னாலும், கிராஸ் எவ்வளவு, கைக்கு எவ்வளவு, ஓ.டி. உண்டா இல்லையா என்று கேட்டு, பிரிவு வாரியாகத் தாளில் வாங்குங்கள். 20,000 சொச்சத்தில் இருப்பவர்கள், வீட்டில் யாராவது இ.எஸ்.ஐ. மருந்து சாப்பிட்டால், ஒரு ராத்திரி கணக்குப் போட்டுவிட்டு மறுநாள் பதில் சொல்லுங்கள். வெளியில் வந்த வேலையை லெட்டர் கைக்கு வரும் முன் விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் மாதவரத்தில் ஒரு இன்டர்வியூ போனேன். 26 என்றார்கள். பிரிவு வாரியாக எழுதித் தாருங்கள் சார் என்றேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனில் கூப்பிடுகிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை.