பார்த்திபன் கனவா, சிவகாமியின் சபதமா?

பழிவாங்கக் கிளம்பியவன் காதலில் விழுந்து வாளை உறையில் போடும் கதைகள் சரித்திர நாவல்களில் ஏராளம். அந்த மனமாற்றத்தை நாம் நம்புகிறோமா என்பதில்தான் கதை நிற்கிறது அல்லது சரிகிறது. கல்கியின் இரண்டு பல்லவர் காலக் கதைகளை இந்த ஒரு கேள்வியோடு அணுகலாம். முடிவுகளைச் சொல்லாமல் ஒப்பிட வழியில்லை. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

பழி காதலுக்கு வழிவிடும் கதை என்று கேட்டால் நேரடியான விடை ‘பார்த்திபன் கனவு’. கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் மடிந்த சோழ மன்னன் பார்த்திபனின் மகன் விக்கிரமன், தந்தையை வீழ்த்திய பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மரின் மகள் குந்தவியிடமே மனத்தைப் பறிகொடுக்கிறான். நாடு கடத்தப்பட்டவன், இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வந்து, வழியில் கடும் காய்ச்சலில் விழுகிறான். பகைவனின் மகள் அவனை எடுத்துச் சென்று வைத்தியம் பார்க்கிறாள். ‘பகையை மறந்தேன்’ என்ற வசனம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாதவன் யார் கையால் மருந்து குடிக்கிறான் என்பதே போதும்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. விக்கிரமனிடம் இருப்பது உண்மையில் பழிவெறி இல்லை, சுதந்திர வேட்கை. முடிவில் சோழநாடு சுதந்திரமும் பெறுகிறது, குந்தவியும் கிடைக்கிறாள். எதையும் இழக்காமல் விட்டுக்கொடுப்பது அத்தனை கடினமில்லையே! சிவனடியார் வேடத்தில் அவனைக் காத்து வந்தவரே சக்கரவர்த்திதான் என்பதால், பாதிப் பிணக்கு அவன் அறியாமலேயே தீர்ந்துவிடுகிறது.

‘சிவகாமியின் சபதம்’ நேர்மாறானது. சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டு அதன் நாற்சந்திகளில் ஆடவைக்கப்பட்ட நாட்டியக்காரி சிவகாமி, அந்த நகரம் எரியும்வரை அங்கிருந்து வரமாட்டேன் என்று சபதமிடுகிறாள். அவளை மீட்க அவள் காதலர் மாமல்லர், அதாவது அதே நரசிம்மவர்மர், மாறுவேடத்தில் வந்து அழைக்கிறார். அவள் மறுக்கிறாள். காதல் வாசலில் வந்து நிற்கிறது, பழிதான் கதவைத் திறக்க விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து வாதாபி எரிகிறது. காஞ்சிக்குத் திரும்பினால் மாமல்லருக்கு மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஏகாம்பரநாதர் சந்நிதியில் தனக்குத் தானே தாலி கட்டிக்கொண்டு அவள் ஆடும் அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு ஈடாகப் ‘பார்த்திபன் கனவி’ல் எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குச் சரித்திரமும் ஒரு காரணம். பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனை மாந்தர்கள், அவர்களைக் கல்கி எப்படி வேண்டுமானாலும் சமாதானப்படுத்தலாம். நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியைப் பிடித்ததோ நடந்த சம்பவம். படை நடத்திய பரஞ்சோதிதான் சிறுத்தொண்டர் என்று பெரியபுராணம் பாடுகிறது. சிவகாமி கற்பனைப் பெண்ணாகவே இருக்கட்டும், அவள் மன்னித்திருந்தால் வாதாபிப் போருக்கு இந்தக் கதைக்குள் காரணமே இல்லாமல் போயிருக்கும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் சோழர்களைப் பழிவாங்கக் கிளம்பும் நந்தினியையும் இந்த வரிசையில் சிலர் சேர்ப்பார்கள். அவள் பழியை விட்டுவிட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது, தயங்கினாள், அவ்வளவுதான்.

இனிய முடிவு வேண்டுபவர்களுக்குப் ‘பார்த்திபன் கனவு’. மனத்தை உலுக்கும் கதை வேண்டுமென்றால் ‘சிவகாமியின் சபதம்’. என் ஓட்டு இரண்டாவதற்கே. இரண்டையும் படிப்பதாக இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 1941இல் தொடராகத் தொடங்கியது ‘பார்த்திபன் கனவு’, 1944இல் தொடங்கியது ‘சபதம்’. கதை நடக்கும் காலமோ தலைகீழ். ‘சபத’த்தை முதலில் முடித்துவிட்டு வந்தால், மகளின் காதலுக்காகச் சோழனிடம் இறங்கி வரும் அந்தத் தந்தை வேறொரு மனிதராகத் தெரிவார். ஒரு சபதத்தை நிறைவேற்றப் போய்த் தன் காதலை இழந்தவர் அவர்.