ஏஇ1/ஏஇ3, கேம் 5.2: முதல் கெரட்டின் ஸ்லைடுக்கு எது?

ஒரு கட்டி எபிதீலியத்திலிருந்து (உறுப்புகளைப் போர்த்தும் செல் அடுக்கு) தோன்றியதா, லிம்போமாவா (நிணநீர்ச் செல் புற்றுநோய்), மெலனோமாவா (நிறமிச் செல் புற்றுநோய்) என்று பிரித்தறிய வேண்டிய பயாப்ஸியில் கெரட்டின் ஸ்லைடுதான் (எபிதீலியச் செல்களின் இழைப் புரதமான கெரட்டினை, அதைப் பற்றும் ஆன்டிபாடியால் சாயமேற்றிக் காட்டுவது) பெரும்பாலும் வழிகாட்டுகிறது. அதற்கு எங்கள் ஆய்வகம் ஏஇ1/ஏஇ3 என்னும் ஆன்டிபாடிக் கலவையைத் தேர்ந்தெடுத்துள்ளது, கேம் 5.2 என்னும் ஆன்டிபாடியைத் துணையாக மட்டும் வைத்துள்ளோம்.

இரண்டுமே 1980களின் முற்பகுதியில் உருவான சுண்டெலி மோனோகுளோனல் (ஒரே செல்வழியிலிருந்து பெற்ற) ஆன்டிபாடிகள். எண்ணிட்ட கெரட்டின் வகைகளில் ஏஇ3 கெரட்டின் 1 முதல் 8 வரையும், ஏஇ1 கெரட்டின் 10, 14, 15, 16, 19 ஆகியவற்றையும் பற்றுகின்றன. கேம் 5.2 முதன்மையாகக் கெரட்டின் 8-ஐயும் ஓரளவு 7-ஐயும் மட்டுமே பற்றுவதால், செதிள் செல் புற்றுநோய்களில் அது பலமுறை மங்கலாகவோ எதிர்மறையாகவோ அமைகிறது.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஆன்டிஜன் மீட்பு முறையே. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்து, ஆன்டிபாடி பற்ற வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறது; அதை மீண்டும் வெளிக்கொணர்வதே இந்த மீட்பு. கேம் 5.2-க்கு வழக்கமாகப் பயன்படும் நொதிச் செரிப்பில், திசு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்ததோ அதற்கேற்ப நொதி நேரத்தையும் மாற்ற வேண்டியுள்ளது. குறைந்தால் சாயம் ஏறாது, கூடினால் செல்லின் உருவமே சிதைந்துவிடும். வெளி மருத்துவமனைகளிலிருந்து, பதப்படுத்திய நேரம் எழுதப்படாமலே பிளாக்குகள் (மெழுகில் பதித்த திசு) வந்து சேரும் இடத்தில் இது அன்றாடச் சிக்கலாகிறது. ஏஇ1/ஏஇ3-க்கோ பிஎச் 9 அளவுள்ள கரைசலில் சூடாக்கும் ஒரே நடைமுறை போதுமானது. மற்றப் பெரும்பாலான ஆன்டிபாடிகளுடன் ஒரே ஓட்டத்தில் அதையும் சேர்த்துவிடலாம். கெரட்டின் குறைவாக உள்ள கல்லீரல் செல்களின் ஓரங்கள் தெளிவாகச் சாயமேறுகின்றனவா என்று கட்டுப்பாட்டுத் திசுவில் (சாயமேற்றம் சரியாக நடந்ததா என்று ஒப்பிட வைக்கும் திசு) பார்ப்பது மிக முக்கியம், ஏனெனில் பித்தநாளங்கள் மட்டும் பளிச்சென்று தெரிவது உணர்திறன் போதுமென்பதற்குச் சான்றாகாது.

கல்லீரல் செல் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே ஏஇ1/ஏஇ3 பலமுறை மங்கியோ எதிர்மறையாகவோ வருகிறது, கேம் 5.2 நன்றாக ஏறுகிறது. மூளையிலும் கேம் 5.2-க்கே முன்னுரிமை தருவேன். ஏஇ1/ஏஇ3 கிளையல் செல்களிலும் (நரம்பணுக்களைத் தாங்கும் செல்கள்) ஏறக்கூடியதால், அவற்றில் தோன்றும் கிளையோபிளாஸ்டோமாவை, வேறிடத்திலிருந்து பரவிய கார்சினோமா (எபிதீலியப் புற்றுநோய்) என்று எண்ண இடமுண்டு. மூளைத் திசுக்கள் எங்களிடம் அரிதாகவே வருகின்றன; ஆகவே இதை என் நீண்ட அனுபவமாகச் சொல்லவில்லை. நிணநீர்க் கணுக்களில் கேம் 5.2 ரெட்டிகுலம் செல்களையும் (கணுவின் இயல்பான தாங்கு செல்கள்) காட்டும் என்பதால், தனித்து நிற்கும் ஒரு சாயமேறிய செல்லை, அதன் உருவத்தைச் சாதாரண ஸ்லைடுடன் ஒப்பிடாமல், பரவிய புற்றுநோய் என்று எழுதலாகாது.