அப்பாவின் புல்லட்டுக்கு ஐந்து நாள்

மூன்று வார விடுமுறையில் டொராண்டோவிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தேன். கிளம்பும் முன்பே தம்பியிடம் சொல்லிவிட்டேன்: இந்த முறை கல்யாண வீடு, குலதெய்வம் எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவின் புல்லட்டைச் சரிசெய்தாக வேண்டும். 1984இல் வாங்கிய 350 சிசி வண்டி. திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். தம்பி ஆசைப்பட்டு அதற்கு 500 சிசி புல்லட்டின் காபரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் வி.எம்.28ஐ, போட்டிருந்தான். ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர், கூடவே ஒரு குட்டை சைலன்சர். சத்தம் வந்தது, ஓட்டம் வரவில்லை. பாதி ஆக்சிலேட்டரில் திணறும். முழுக்கத் திருகினால் கரும்புகை. திருகை விட்டால் சைலன்சருக்குள் படபடவென்று வெடிக்கும்.

முதலில் கொடுத்த ஒர்க்‌ஷாப்பின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றார்கள். வாசலிலேயே வண்டியை நிறுத்தி, காபரேட்டரின் ஏர் ஸ்குரூவையும் ஐடிலிங் ஸ்குரூவையும் திருப்பி, எஞ்சின் சீராகத் துடிக்கும் இடத்தில் விட்டு, 1,800 ரூபாய் வாங்கினார்கள். நின்ற இடத்தில் அருமையாக ஓடியது. பால்பண்ணையைத் தாண்டவில்லை, பழைய திணறல் திரும்பிவிட்டது. எனக்குக் கோபம் பணத்துக்காக அல்ல. அந்த இரண்டு ஸ்குரூவுக்கும் அதிகாரம் இருப்பது ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும், அதிகம் போனால் கால்வாசி திறக்கும்வரையும்தான். அதற்கு மேல் முக்கால்வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் அளவை மாற்றும் ஊசியின் ராஜ்யம். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட், பெட்ரோல் வரும் துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு. நோய் வயிற்றில் இருக்க, நகத்துக்கு மருந்து போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மாமா ஒருவர் சொல்லி இரண்டாவது இடத்துக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக் அண்ணன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “ஐந்து நாள் தருவீர்களா தம்பி? அவசரம் என்றால் வேறு இடம் பாருங்கள்” என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நாள் அவர் ஜெட் பக்கமே போகவில்லை. டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்தார். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே வைத்தார். தீப்பொறி விழும் டைமிங்கைச் சரிபார்த்தார். மாலையில் எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, காபரேட்டர் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் ஆயில் கேனால் இரண்டு சொட்டு விட்டார். அடுத்த நொடி துடிப்பின் தாளம் மாறியது. எண்ணெய் விரிசலை அடைத்ததும் எஞ்சின் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், நடுவே இருக்கும் சூடு தடுக்கும் கட்டை ஒரு மூலையில் பிளந்திருந்தது. கணக்கில் வராத காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எந்த ட்யூனிங்கும் நிற்காது. முதல் ஒர்க்‌ஷாப் ட்யூன் செய்தது அந்த விரிசலின் மேல்தான்.

பிறகு மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். துளையின் அளவாக 110 என்று பொறித்திருந்தது. ஆனால் துளை வட்டமாக இல்லை. நீள்வட்டமாகத் தேய்ந்து, ஓரத்தில் மெல்லிய கீறல் தெரிந்தது. யாரோ இரும்புக் கம்பி விட்டு அடைப்பு எடுத்திருக்கிறார்கள். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பிக்குத் தாங்காது. எண் அப்படியே இருக்கும், துளை பெரிதாகிப் பெட்ரோல் அதிகமாக இறங்கும். கரும்புகைக்குக் காரணம் அதுதான். (அவர் ஜெட்டில் அடைப்பு எடுப்பது நைலான் பிரஷ்ஷின் ஒற்றை இழையால்.) சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் என் நண்பன் நல்ல ஜெட்டாகத் தேடி, 110 முதல் 130 வரை வாங்கிப் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டான். இந்த வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

அடுத்த இரண்டு நாள் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டிருந்தார். எந்தக் கோட்டில் திணறுகிறது என்று கண் பார்த்துச் சொல்ல வேண்டும். காதை மட்டும் நம்பக் கூடாது என்பார். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி தாண்டி, ஆள் இல்லாத நீளத்தில் மூன்றாம் கியரில் முழுக்கத் திருகி, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுவது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பார்ப்பது, கலவை எப்படி எரிந்தது என்று அதன் நிறம் சொல்லும். புது 110இல் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, எரிபொருள் போதவில்லை. முழுத் திருகில், காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி போட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தது, அதற்கும் பொருள் அதேதான். 115இலும் கொஞ்சம் வெளுப்பு. 120இல் வெளிர்பழுப்பு வளையம் விழுந்தது, அதுதான் சரியான அளவு.

இவ்வளவு பெரிய ஜெட் தேவைப்பட்டதற்குத் திறந்த ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் காரணமில்லை. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஏறக்குறைய 9 போதும். அதே ஜெட், அதே காற்று என்றால் கலவை மெலிந்துவிடுகிறது, எஞ்சின் கொதிக்கிறது. கணினி வைத்த வண்டி ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். காபரேட்டருக்கு ஜெட் மாற்றினால்தான் உண்டு.

மெயின் ஜெட் முடிந்தபின் ஊசி. அதன் தலைப்பக்கப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை மூன்றாம் பள்ளத்திலிருந்து ஒரு பள்ளம் கீழே இறக்கினார். ஊசி மேலே ஏறியது, பாதி ஆக்சிலேட்டர் திணறல் அன்றே போனது. கடைசியாகத்தான் பைலட், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட். ஏர் ஸ்குரூ முழுக்க மூடிய இடத்திலிருந்து அரைச் சுற்றுக்குள்ளேயே நின்றால்தான் ஐடிலிங் நன்றாக இருந்தது. பைலட் ஜெட் சிறியது என்பதற்கு அது அடையாளம். 25ஐ எடுத்து 30 போட்டதும் ஸ்குரூ ஒன்றரைச் சுற்றுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் புகைப் பரிசோதனை மையத்துக்கு அழைத்துப் போனார். சான்றிதழ் எப்படியும் வேண்டும். கூடவே ஐடிலிங் கலவைக்கு இயந்திரமே சாட்சி சொல்லிவிடும். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். எங்களுடையது மூன்றுக்குச் சற்று மேல். குட்டை சைலன்சரை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே தடுப்பு வைத்த பிறகுதான் வண்டியைக் கையில் கொடுத்தார். எனக்கும் அது சரி என்றே பட்டது. தெருவில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

கூலி 6,500 ரூபாய், பொருள்கள் 2,300. கேட்டதைக் கொடுத்தேன்.

கிளம்பும் முன் தம்பிக்கு இரண்டு கட்டளை போட்டார்: வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடி, காபரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், கிண்ணத்தில் பச்சையாகப் பூத்துவிடும். இரண்டாவதை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி டூல் பாக்ஸில் வைத்தார். சாய்ந்த எழுத்து, அடியில் தேதி: “மெயின் 120. பைலட் 30. கிளிப் 4. ஏர் ஒன்றரை. மார்கழிக் குளிருக்குக் கால் சுற்று உள்ளே.”