ஐ.எச்.சி. சோதனைக்குப் பணம் வாங்கினார்கள், சோதனையைச் செய்யவில்லை

சிறுகுடலில் வளர்ந்திருந்த 8.5 செ.மீ. கட்டியை அகற்றுவதற்காக என் தாயாரைச் சென்ற ஆண்டு எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதைச் செய்த மருத்துவரின் கைத்திறனில் நான் குறை காணவில்லை. வெளியே எடுத்த கட்டி என்ன வகை என்று கண்டறிவதில் நடந்த அலட்சியத்தைப் பற்றியே இந்தப் பதிவு.

அன்று சனிக்கிழமை. மாலை ஆறரை மணிக்கு அறுவை அரங்கிலிருந்து வந்த ஊழியர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை என்னிடம் நீட்டி, "லேப்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்துருங்க சார்" என்றார். அரை லிட்டர்கூடக் கொள்ளாத டப்பா அது. மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் அம்மாவின் பெயரை எழுதியிருந்தார்கள். கட்டி டப்பாவின் சுவரோடு நசுங்கி நின்றது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் கட்டியின் பாதி உயரம் வரைதான் இருந்தது. வெளியே இருந்த பரிசோதனைக்கூடம் பூட்டியிருந்ததால், திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரை அந்த டப்பா அம்மாவின் கட்டிலுக்கடியில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

உடலிலிருந்து எடுத்த திசு, ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்தே தன் சொந்த நொதிகளால் சிதையத் தொடங்குகிறது. அதைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் 10 சதவீத ஃபார்மலின். திசுவின் கன அளவைப்போல் குறைந்தது பத்து மடங்காவது அது இருக்க வேண்டும். திசுவுக்குள் அது மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் ஊடுருவும், ஆழம் கூடக்கூட அந்த வேகமும் குறைந்துவிடும் என்பதால், பெரிய கட்டியாக இருந்தால் அன்றைக்கே உரிய முறையில் கீறித் திறந்து வைக்க வேண்டும். அம்மாவின் கட்டியை யாரும் கீறவில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

பத்தாம் நாள் கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லியோமயோசார்கோமா', அதாவது மென்தசையில் தோன்றும் புற்றுநோய், என்று ஒற்றைச் சொல்லாக எழுதியிருந்தார்கள். மூலப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டதற்கு, எல்லாம் கோப்பில் இருக்கிறது என்றார்கள். டாக்ஸோரூபிசின் என்னும் கீமோதெரபி மருந்தை 21 நாட்களுக்கு ஒருமுறை ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்தபோது அம்மாவின் தலையில் முடி இல்லை, வாயெல்லாம் புண், மோர்ச்சோறுகூட இறங்கவில்லை. கட்டியின் பெயர் உண்மையிலேயே சரிதானா என்று வேறு ஓரிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்கள் குடும்ப மருத்துவர் சொன்ன பிறகுதான் வந்தது.

வேறிடத்தில் கருத்துக் கேட்பதற்கு அறிக்கையின் நகல் மட்டும் போதாது. ஸ்லைடுகளும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்குகளும் வேண்டும். மருத்துவமனை பரிசோதனைக்கூடத்தைக் கைகாட்டியது, பரிசோதனைக்கூடம் மருத்துவமனையைக் கைகாட்டியது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்னும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். அறிக்கையின் நகல் மூன்றாம் நாளே வந்துவிட்டது. பிளாக்குகள் கைக்கு வர 19 நாட்கள் ஆயின.

அந்த அறிக்கையைப் படித்தபோதுதான் நடந்தது புரிந்தது. பரிசோதித்த மருத்துவர் 'ஸ்பிண்டில் செல் கட்டி, லியோமயோசார்கோமாவாக இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார். அதன் கீழே, ஐ.எச்.சி. செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். 'இருக்கலாம்' என்ற சொல்லும் அந்த வரியும் சம்மரிக்கு வந்து சேரவில்லை. மருத்துவமனையின் பில்லை எடுத்துப் பார்த்தால், 'ஐ.எச்.சி. பேனல்: ரூ. 9,000' என்று இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் விசாரித்தபோது, அப்படியொரு சோதனைக்கு மருத்துவமனையிலிருந்து ஆர்டரே வரவில்லை என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள்.

ஐ.எச்.சி. என்பது, செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்பதை எதிர்ப்பொருள் கொண்டு நிறமேற்றிக் காட்டும் சோதனை. நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய ஸ்பிண்டில் செல்கள் மென்தசைக் கட்டியிலும் உண்டு, நரம்புறைக் கட்டியிலும் உண்டு, ஜிஸ்ட் எனப்படும் குடல் இழைமக் கட்டியிலும் உண்டு. வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயத்தில் இம்மூன்றும் ஒன்றுபோல் தெரிவது சாதாரணம். முன்பெல்லாம் பல ஜிஸ்ட் கட்டிகளுக்கு லியோமயோசார்கோமா என்றே பெயர் வைத்தார்கள். ஜப்பானின் ஹிரோதா குழுவினர் 1998-இல் இவற்றில் கிட் மரபணுவின் மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். 2002-இல் அமெரிக்காவில், அந்த மாற்றத்தின் விளைவைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரைக்கு இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. வழக்கமான கீமோதெரபி இதில் அநேகமாக வேலை செய்வதில்லை. இவ்வளவும் தெரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் என் தாயாருக்கு டாக்ஸோரூபிசின் ஏற்றினார்கள்.

சென்னையில் புற்றுநோய் நோயியல் மருத்துவர் ஒருவர் பிளாக்குகளிலிருந்து புதிய ஸ்லைடுகளை வெட்டிச் சோதித்தார். ஜிஸ்ட்டில் காணப்படும் புரதங்களான சிடி117 பாசிட்டிவ், டிஓஜி1 பாசிட்டிவ், தசைப் புரதமான டெஸ்மின் நெகட்டிவ்: ஜிஸ்ட். எனக்கும் நுண்ணோக்கியில் காட்டினார். ஓரத்துத் துண்டில் செல்கள் பழுப்பு நிறத்தில் வரிவரியாகத் தெளிவாகத் தெரிந்தன; கட்டியின் நடுப்பகுதித் துண்டிலோ உட்கருக்கள் கரைந்து, நீர் பட்ட மை போல் வெளிறிக் கிடந்தது. "இந்த இடத்துல எண்ணவே முடியாதுங்க" என்றார்.

அவர் எண்ண விரும்பியது பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. சிறுகுடலில் 5 முதல் 10 செ.மீ. வரையுள்ள ஜிஸ்ட்டில், நுண்ணோக்கியில் ஒரு குறிப்பிட்ட பரப்பில் அந்த எண்ணிக்கை ஐந்துக்கு மேல் போகாவிட்டால் நோய் பரவும் வாய்ப்பு சுமார் 24 சதவீதம், ஐந்தைத் தாண்டினால் சுமார் 85 சதவீதம் என்பது 2006 முதல் உலகெங்கும் பயன்படும் கணக்கு. என் தாயார் இவ்விரண்டில் எந்தப் பக்கம் என்பது அந்த டப்பாவிலேயே அழிந்துபோயிற்று. மரபணு மாற்றச் சோதனைக்கும் அனுப்பினோம். ஆய்வுக்கு ஏற்ற டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. நோய் பின்னாளில் பரவினால் இமாடினிப் 400 மி.கி. கொடுப்பதா 800 மி.கி. கொடுப்பதா என்று தீர்மானிக்க அந்த முடிவு தேவைப்படும். இப்போதைக்கு ஆபத்து அதிகம் என்றே வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தினமும் 400 மி.கி. என்று தொடங்கியிருக்கிறார்கள்.

அறிக்கை எழுதியவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஐயம் இருந்த இடத்தில் அவர் அதை மறைக்காமல் எழுதினார். அரிய கட்டி என்று சந்தேகம் வந்தாலே, டப்பாவில் ஃபார்மலின் திசுவுக்கு மேல் தாராளமாக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள், லேப் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து அறுவைக்கு நாள் கேளுங்கள், சம்மரியை நம்பாமல் மூல அறிக்கையின் கடைசி வரி வரை படியுங்கள், பில்லில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் முடிவைக் கேட்டு வாங்குங்கள். கீமோதெரபி ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

மருத்துவமனை சென்ற மாதம் ஓர் உறையில் 9,000 ரூபாயைக் கொடுத்தனுப்பியது. கடிதம் எதுவும் உள்ளே இல்லை. ரசீதில் கையெழுத்துப் போட மறுத்து உறையைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மீதமுள்ள இரண்டு பிளாக்குகளும் வெயில் படாத அறையில், அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. ஓரத்துத் துண்டில் இன்னும் கொஞ்சம் திசு மிச்சமிருப்பதாகச் சென்னை மருத்துவர் சொல்லியிருக்கிறார்.